புளிக்காத தயிர்

டாக்டர் நஸ்ரின் எனக்குக் கெட்ட செய்தி சொல்ல ஆரம்பித்தபோது அவருடைய மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. தயிர்சாதம், ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய். மணி மூன்றைத் தாண்டியும் நோயாளிகள் அவரைச் சாப்பிட விடவில்லை. நானும் விடமாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மூடியைப் போட்டுத் தள்ளிவைத்தார்.

"வெயில்ல வீணாப் போயிரும் டாக்டர், சாப்பிட்டுருங்க" என்றேன்.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க உட்காருங்க பேச்சி."

உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் எனக்கு உட்காருவது சுலபமாக இருந்தது. அது தயிர் கொடுத்த வரம். என் வியாதியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உடம்புக்கு என் முதுகெலும்பைக் கண்டால் ஆகாது. அதை அந்நியன் என்று நினைத்து இரவும் பகலும் அடிக்கும். அடிபட்ட இடமெல்லாம் எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் நான் பாளையங்கோட்டைத் தெருக்களில் உலக்கை விழுங்கியவள் மாதிரி நடந்தேன். மாமியார் வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்தார்கள்.

பிறகுதான் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். என் குடலில் குடியிருக்கும் ஒரு கிருமிக்கும் என் முதுகெலும்புக்கும் ஒரே முகஜாடையாம். கிருமியை அடிக்கப் போகும் படை ஆள் தெரியாமல் முதுகையும் அடிக்கிறது. கிருமியைக் கொன்றுவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். ஆனால் அது திரும்பத் திரும்ப வரும். அதனால் ஆயுள் முழுக்க ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலி, அந்த ஆன்டிபயாட்டிக்கைத் தானே சுரக்கிற ஒரு தயிர்க் கிருமியைச் செய்தான். ஒரு பொட்டலம் பொடி தருவார்கள். பாலில் கலந்தால் தயிராக உறையும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு உறை. தினமும் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் போதும். மருந்துக் கடைக்கே போக வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டதில் என் கழுத்து ஆந்தைக்குத் திரும்புவது போலத் திரும்பியது.

"உங்க குடல்ல ஒரு பாலிப் இருந்துச்சு. சின்ன மரு மாதிரி. குழாய் விட்டுப் பார்க்கும்போதே எடுத்துட்டோம். புற்றுநோய் இல்லை. விட்டிருந்தா பின்னால ஆகியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"தயிராலயா?"

"தயிராலதான்னு ஒருத்தரைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனா ரொம்ப வருஷம் இதைச் சாப்பிட்டவங்களுக்கு மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு வருது. கெட்டவனை மட்டும் அடிக்கணும்னுதான் செஞ்சாங்க. கூடவே குடலைக் காவல் காத்த நல்ல கிருமிகளும் போயிருச்சு. காவல் இல்லாத வீட்ல எது வேணா முளைக்கும்."

"ரெண்டு மடங்குன்னா பயப்படணுமா?"

"நூறு பேர்ல நாலு பேருக்கு வர்றது எட்டுப் பேருக்கு வருது. பாக்கி தொண்ணூத்தி ரெண்டு பேருக்கு ஒண்ணும் இல்லை. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

"அப்ப நிறுத்திரட்டுமா?"

"நிறுத்தினா முதுகு பூட்டிக்கும். அது உறுதி. ஊசி போடலாம்னா, போன தடவை ஊசியில உங்களுக்கு டிபி வந்தது ஞாபகம் இருக்குல்ல? தொடர்ந்து சாப்பிட்டு வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்கலாம். அதுவும் ஒரு வழி."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பார்கள். டாக்டர் ஒரு திரையை என் பக்கம் திருப்பினார். அதன் பெயர் 'தராசு'. நோயாளி என்ன விரும்புகிறார் என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துச் சொல்லுமாம். முதல் கேள்வியே இப்படி இருந்தது: 'வலியில்லாமல் குனிந்து நிமிரும் ஒரு வருடத்துக்கு ஈடாக எத்தனை மாத ஆயுளை விட்டுக்கொடுப்பீர்கள்?'

"இது என்ன, கத்திரிக்கா பேரமா?" என்றேன்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க."

சொன்னேன். முடிவில் அது ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று காட்டி நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து நியாயமாக நடந்துகொள்கிறோம் என்ற பெயரில் முடிச்சை என் கையிலேயே திணித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் இசக்கிராஜா ஆளில்லாப் பேருந்துகளுக்குச் சார்ஜ் போடும் டிப்போவில் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷன். 'இல்லை' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. அன்று ராத்திரி அவரைக் கேட்டால், "நீ எது சொல்லுதியோ அது" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் கறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கடைசி மாதங்களில் அவருக்குப் புற்று வயிற்றில்தான் வந்தது. அந்த அறையின் வாசனை இன்னும் எனக்குப் போகவில்லை. நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

விதிப்படி உறையை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் அதில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினார்.

"மனசு மாறிட்டா திரும்பத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"புதுசா யாருக்கும் பொடி தர்றதில்லைன்னு மேலிடத்துல முடிவாயிடுச்சு. சாப்பிடறவங்க சாப்பிடலாம். விட்டவங்க விட்டதுதான்" என்றார் அப்போது உள்ளே வந்த டாக்டர்.

நர்ஸ் ஊற்றுவதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் காலையில் எழுந்து முகம் கழுவக் குனிந்தேன், முகத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம் பாக்கி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. என் செருப்பு வாரைப் போட்டுவிட இசக்கிராஜா கீழே உட்கார வேண்டியிருந்தது. படுத்தால் புரள முடியாது. மூச்சை முழுதாக இழுத்தால் விலா மறுக்கும். என் உடம்பே எனக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். வண்டிகள் தாமாகவே ஓடும் காலத்தில் அது எதற்கு என்பீர்கள். கேமரா மங்கினால் கையால் ஓட்டத் தெரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது. பெண்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே, கண்ணாடியை நம்பாதே, கழுத்தைத் திருப்பிப் பார் என்பதுதான். ஒரு நாள் சமாதானபுரம் திருப்பத்தில் என் மாணவி வண்டியைப் பின்னால் எடுத்தாள். நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பின்னால் சைக்கிளில் வந்த ஆள் சாக்கடைக்குள் போய் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து என்னைத் திட்டிய திட்டுக்கு மட்டும் வஞ்சகம் இல்லை. அன்று மாலையே ஸ்கூலை மூடிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அழுதேன்.

எதிர் வீட்டு ஷெரின் வந்தது மறுநாள். அவளும் புருஷன் டேனியலும் மகள் ஆலிஸும் ஆறேழு வருஷமாக எங்கள் அடுக்ககத்தில் இருக்கிறார்கள். மூன்று பேரும் கலகலப்பான ஆட்கள். அவள் கையில் ஒரு சின்னத் தூக்கு இருந்தது.

"ஏங்க்கா, அண்ணன் பாக்கெட் தயிர் வாங்கிட்டு வாறதப் பார்த்தேன். உறை வீணாப் போச்சா? சொன்னா தரமாட்டேனா? இந்தாங்க. உங்க வீட்டு உறைதான்."

"எங்க வீட்டு உறையா?"

"ஆமாக்கா. நாங்க குடிவந்த அன்னைக்குப் பால் காய்ச்சிட்டு உறைக்கு நின்னேன். அண்ணன்தான் தந்தாக. அன்னையில இருந்து இந்த உறை எங்க வீட்ல அறுந்ததே இல்ல. என்ன தயிருக்கா இது! கத்தியால வெட்டலாம். காலையில வச்சா ராத்திரிகூடப் புளிக்காது. ஆலிஸுக்கு மூணு நேரமும் இதுதான்."

தூக்கின் மூடியைத் திறந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பத்து வருஷம் சாப்பிட்ட வாய்க்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவள் போனதும் இசக்கிராஜாவைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! உங்களுக்கு அறிவு இருக்கா?"

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் இல்ல, விளக்கு வச்ச நேரமும் இல்ல. புதுசா வந்த பிள்ள உறை கேட்டு வாசல்ல நிக்கி. இல்லன்னா சொல்லுவாங்க? எச்சிக்கரண்டி படாமத்தான் குடுத்தேன்."

"அது மருந்துய்யா!"

"ஒரு கரண்டிதானட்டி குடுத்தேன்" என்றார் பாவமாக. உறை விஷயத்தில் ஒரு கரண்டி ஒரு கரண்டியோடு நிற்காது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

கொஞ்ச நேரம் கழித்து அவரே அருகில் வந்தார். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடந்தது நடந்துபோச்சு. ஆனா சாமியாப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கு பாரு. ஒரு கரண்டி பால்ல ஊத்து. நீ படுத பாட்ட என்னால பாக்க முடியல பேச்சி."

ஊற்றினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாலை வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு கரண்டி ஊற்றி, மூடி வைத்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வலியால் பாதி, யோசனையால் பாதி. ஷெரினிடம் சொன்னால் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அவர்கள் வந்து அவள் வீட்டு உறையையும் என் வீட்டு உறையையும் பிளீச்சிங் தண்ணீரில் கொட்டுவார்கள். அதோடு என் கழுத்துக்குக் கதவு அடைபட்டுவிடும். சொல்லாவிட்டால் எனக்குக் கழுத்து திரும்பும், அந்தப் பிள்ளை தினம் மூன்று வேளை அதைச் சாப்பிடும். நூறு பேரில் எட்டுப் பேர்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். டாக்டர் என்னிடம் சொன்னபோது ஆறுதலாக இருந்த கணக்கு, இப்போது அசிங்கமாக இருந்தது.

காலையில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஷெரின் திரும்ப வந்தாள்.

"அக்கா, தூக்கு குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கருணைக்கிழங்கு வாங்கப் போறேன், அதுலயே வாங்கிட்டு வந்துருதேன்."

தூக்கைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சீனி போட்டேன். "கருணைக்கிழங்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தினாள். "ஆலிஸ் அப்பாவுக்கு வெளிய போகும்போது ரத்தம் போவுதுக்கா. ஒரு மாசமா. மூலம்தான். டாக்டர்ட்ட போகக் கூச்சப்படுதாரு. கிழங்கும் மோருமாக் குடுக்கேன். நம்ம தயிருதான் குளிர்ச்சியாச்சே."

கரண்டி என் கையிலேயே இருந்தது. வைத்தேன்.

"ஷெரின், உள்ள வா. உட்காரு."

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் குழாய் விட்டது, மருவை எடுத்தது, நான் நிறுத்தியது, உறை எங்கிருந்து வந்தது எல்லாம். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் சீனிக்குள் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு ரத்தம் போச்சாக்கா?"

"இல்ல."

"அப்ப இவருக்கு?"

"தெரியாதும்மா. இன்னைக்கே கூட்டிட்டுப் போ. மூலமா இருந்தா நல்லது. நானும் வாறேன்."

"அண்ணன் ஏங்க்கா குடுத்தாக?" என்றாள். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. உள்ளே இசக்கிராஜா கட்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டேனியலுக்கு மூலம் இல்லை. குடலில் நெல்லிக்காய் அளவில் ஒன்று வளர்ந்திருந்தது. அதில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. வெளியே பரவவில்லை. ஆலிஸுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனி வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவும் ஒரு தண்டனைதான்.

ஷெரினோடு நானும் டாக்டர் நஸ்ரினின் அறையில் இருந்தேன். அன்றும் மதியம் தாண்டியிருந்தது, அன்றும் டிபன் பாக்ஸ் தொடப்படாமல் இருந்தது. என் வீட்டு உறையை நான் ஒரு தூக்கில் கொண்டுபோயிருந்தேன். ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன். ஆனால் மேஜைமேல் வைத்த பிறகும் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணிடலாம். பிழைச்சுக்குவார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

ஷெரின் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள்.

"ஒரு கரண்டி வாங்கினதுக்கா டாக்டர் இவ்வளவும்?" என்று கேட்டேன். "அவ வீட்லயும் வேற தயிர் இருந்திருக்கும். அதோட கலந்து நாளாக ஆக இது நீர்த்துப் போயிருக்காதா?"

"இதைச் செஞ்சவங்க அங்கதான் தப்புப் பண்ணிட்டாங்க. பக்கத்துல இருக்கிற எதையும் வளரவிடாததுதான் இதோட குணம். அதனாலதான் மருந்து. குடல்ல செய்யறதையே பாத்திரத்துலயும் செய்யும். எந்தத் தயிர்ல ஒரு சொட்டு விழுந்தாலும் ரெண்டு நாள்ல பாத்திரம் பூரா இதுதான் இருக்கும். நோயாளி தன் வீட்லயே உறை ஊத்தித் தானே சாப்பிடுவார்னு நினைச்சாங்க. விதியை எழுதினவங்க எல்லாம் தயிரைப் பாக்கெட்ல வாங்குறவங்க. உறை கேட்டு ஒருத்தர் கதவைத் தட்டுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது." பிறகு ஷெரினிடம் திரும்பினார். "நீங்க யாருக்காவது கொடுத்தீங்களா?"

ஷெரின் கண்ணைத் துடைத்தாள். "கீழ் வீட்டு விசாலம் மாமிக்குக் குடுத்தேன். நாசரேத்துல எங்க மதினிக்கு. சர்ச்சுல பாட்டுப் பாடுதவங்க ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. அப்புறம் என் கூட வேலை பாக்குத ஒரு அக்கா மேலப்பாளையம். அவங்க அந்தத் தெரு பூரா குடுத்ததாச் சொன்னாங்க. நல்ல உறைன்னா நாலு பேருக்குக் குடுக்கத்தான டாக்டர் செய்வோம்?"

டாக்டரும் மேலப்பாளையம்தான். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நான் இதைப் பொடியாத்தான் பார்த்திருக்கேன். உறைஞ்சா எப்படி இருக்கும்? மத்தத் தயிர்ல இருந்து எப்படித் தெரியும்?"

"கட்டியா இருக்கும் டாக்டர். எந்நேரமானாலும் புளிக்காது. அதை வச்சே சொல்லிரலாம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு டிபன் பாக்ஸை இழுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார். விடியற்காலையில் கட்டிய சாதம். வெளியே சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தவர், மெதுவாக மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

"உம்மா, நம்ம வீட்டுத் தயிருக்கு உறை யாருகிட்ட வாங்குனீங்க?"

அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "என்னம்மா கேள்வி இது? உறை யாரு வீட்டுதுன்னு யாராச்சும் நெனப்பு வச்சிருப்பாங்களா? தெருவுல யாரோ குடுத்தாங்க. ஏன், இன்னைக்குப் புளிச்சிருச்சா?"

"இல்லம்மா. புளிக்கல."

"பின்ன என்ன? சாப்பிட்டியா நீ?"

அவர் போனை வைத்தார். ஷெரின் என்னைப் பார்த்தாள். எனக்கு டாக்டர்மேல் இரக்கமும் வந்தது, 'இப்போது தராசைத் திருப்புங்களேன் பார்ப்போம்' என்று குரூரமாக ஒன்று தொண்டைவரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"உம்மாவுக்குக் கை விரல் எல்லாம் கோணிப்போய் இருந்துச்சு. முடக்குவாதம்" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "நாலஞ்சு வருஷமா நல்லாயிட்டாங்க. சோறு பிசைஞ்சு சாப்பிடறாங்க. தஸ்பீஹ் மணி உருட்டறாங்க. என் வைத்தியம் கேட்டுச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்."

பிறகு அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"பேச்சி, நீங்க இதைச் சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எப்படி முடிவு பண்ணுனீங்க?"

கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்க முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து, எழுந்து, உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. மேஜைமேல் என் தூக்கும் அவருடைய டிபன் பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிளீச்சிங் தண்ணீர் வாளி மூலையில்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை.